மேனுவல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம்னு விட்டது) ஒண்ணுக்கு மேனுவல் எழுதிட்டு வரேன். பெரும்பகுதி நான் எழுதினது, மீதி பத்துப் பேர் அப்பப்ப அனுப்பினது. மென்பொருள் ஜிபிஎல்ங்கற கட்டற்ற லைசென்ஸ்ல இருக்கு. அப்ப மேனுவலும் தானா ஜிபிஎல்தானா? காப்பிரைட் யாருக்கு?

பதில்: காப்பிரைட் எழுதினவங்களுக்கு. பெர்ன்ங்கற சர்வதேச காப்பிரைட் ஒப்பந்தப்படி பதிவு பண்ணவே வேணாம், எழுதின நிமிஷமே வந்துடுது. அதனால உங்க பகுதி உங்களோடது, அந்தப் பத்துப் பேர் எழுதினது அவங்கவங்களோடது, பேரை முதல் பக்கத்துல போட்டுட்டதால மொத்தமும் உங்களுக்கு வந்துடாது. வேலைக்கு நடுவுல கம்பெனிக்காக எழுதியிருந்தா அது கம்பெனிக்கே போகலாம், ஒப்பந்தத்தைப் பாத்துடுங்க. லைசென்ஸ் ஃபைல்ல மேனுவலும் சேர்த்தின்னு இருந்தா ஜிபிஎல் பொருந்தும், மேனுவல் தனியா கிடக்குதுன்னா பொருந்தாது, லைசென்ஸே இல்லாத மேனுவலை யாரும் சட்டப்படி திருத்தி வெளியிட முடியாது. எனக்கு வருத்தமே இதுதான், நல்ல மேனுவல் எத்தனையோ ஒரு வரி லைசென்ஸ் போடாததால கைவைக்க முடியாம கிடக்கு.

கேள்வி: ஜிஎஃப்டிஎல் போடலாமா?

பதில்: 2000ல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் மேனுவலுக்குன்னே கொண்டுவந்த லைசென்ஸ் அது. போட்டா ‘மாறாத பகுதி’ எதுவும் வைக்காதீங்க. அப்படி ஒரு பகுதியை வச்சுட்டா பின்னாடி வர்றவங்க அதைத் திருத்தவும் முடியாது எடுக்கவும் முடியாது. டெபியன்ங்கற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கறவங்க 2006ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினதும் இதுதான், மாறாத பகுதி இல்லாத ஜிஎஃப்டிஎல் கட்டற்றது, இருந்தா இல்ல.

இன்னொரு சிக்கல், ஜிஎஃப்டிஎல்லும் ஜிபிஎல்லும் ஒத்துப்போகாது. கோட்ல, அதாவது மென்பொருளோட நிரல்ல, ஒரு ஃபங்ஷனுக்கு மேல யாரோ நாலு வரி கமெண்ட் அழகா எழுதியிருக்காங்க, அதை அப்படியே மேனுவல்ல ஒட்டுறீங்கன்னு வைங்க, அது ஜிபிஎல் வாசகம், மேனுவல் ஜிஎஃப்டிஎல், எழுதினவர் சம்மதிக்காம சேராது. மேனுவல்ல இருந்து கோடுக்குப் போனாலும் இதே கதைதான். என் யோசனை, கோடும் மேனுவலும் ஒரே லைசென்ஸ்ல இருக்கட்டும். இல்லேன்னா கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 (எழுதினவர் பேரைச் சொல்லணும், திருத்தினதையும் அதே லைசென்ஸ்ல விடணும்ங்கற லைசென்ஸ்) போடுங்க, அதுல இருக்கறதை 2015ல இருந்து ஜிபிஎல் 3க்குள்ள கொண்டுபோகலாம், ஆனா அங்கேருந்து திரும்பி வர முடியாது.

கேள்வி: இப்ப லைசென்ஸை மாத்தணும். பத்துல ஒருத்தர் பதிலே போடல.

பதில்: முதல்ல பழைய லைசென்ஸ் வரியைப் பாருங்க, ‘அல்லது பின்னாடி வரும் எந்தப் பதிப்பும்’னு இருக்கா? ஜிஎஃப்டிஎல்ல இருந்த விக்கிப்பீடியா தப்பிச்சது அதாலதான். எழுதின எல்லார்கிட்டயும் போய் கேக்க முடியுமா? 2008 நவம்பர்ல ஜிஎஃப்டிஎல் 1.3 வந்து வழி விட்டுச்சு, 2009 ஜூன்ல பை-எஸ்ஏ 3.0க்கு மாறிட்டாங்க. உங்களுக்கு அந்த வரி இல்லேன்னா மத்த ஒன்பது பேர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கி வச்சுக்கோங்க, வாய்ப்பேச்சு போதாது. பதில் போடாதவரோட பாராக்கள் எதுன்னு மேனுவலோட திருத்த வரலாற்றுல பாத்து, மேனுவல்ல இருந்து நீக்கிடுங்க. அப்புறம் மென்பொருளை நீங்களே ஓட்டிப் பாத்து, பழசைத் திறக்காம, அந்த இடத்தைப் புதுசா எழுதிடுங்க. காப்பிரைட் அவர் எழுதின வாசகத்துக்குத்தான், பட்டனை அமுக்கினா என்ன ஆகும்ங்கறதுக்கு இல்ல.