மோசூல் மருத்துவ நூலகம்: சில கேள்விகள், பதில்கள்

ஈராக்கின் மோசூலில் போருக்குப் பிறகு பல்கலைக்கழக நூலகத்தை மீட்டெடுத்தது பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். மருத்துவக் கல்லூரி நூலகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அங்கே என்ன நடந்தது?

பதில்: 2014 ஜூனில் ஐ.எஸ். அமைப்பு நகரத்தைப் பிடித்தது. பல்கலைக்கழகம் கிர்குக், துஹோக் என்ற வேறு ஈராக் நகரங்கள் பக்கம் தற்காலிகமாக இயங்கியது. 2017 ஜனவரியில் வளாகம் மீண்டபோது மைய நூலகம் எரிந்து கிடந்தது. ஜெர்மனி பணம் தர, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் சீரமைத்து, 2022 பிப்ரவரியில் திறந்தார்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற மருத்துவர். வீட்டில் பழைய பாடநூல்கள் நிறைய இருக்கின்றன. இப்படிப்பட்ட நூலகங்களுக்கு அனுப்பலாமா?

பதில்: ஐயா, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். உடற்கூறியல் நூல் மெதுவாகத்தான் பழசாகும். சிகிச்சையும் மருந்தியலும் அப்படியல்ல. இதயம் நின்றுபோனவருக்கு முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, பிறகுதான் மார்பு அழுத்தம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2010-ல் அமெரிக்க இதய சங்கம் வரிசையை மாற்றி, மார்பு அழுத்தத்தை முதலில் வைத்தது. 2005-ல் வந்த நூலைப் படிக்கும் மாணவர் பழைய வரிசையைத்தானே கற்பார்? அலமாரி காலியாக இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் புண்ணியம் என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. வேண்டாத பெட்டிகளைப் பிரித்துக் கழிப்பதும் அங்கிருக்கும் நூலகர் தலையில்தான் விழும். என்ன வேண்டும் என்று அவர்களிடமே பட்டியல் கேளுங்கள். ஈராக்கில் மருத்துவத்தை ஆங்கிலத்தில்தான் கற்பிக்கிறார்கள், அதனால் மொழி தடையில்லை.

கேள்வி: எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, அச்சு நூல் எதற்கு?

பதில்: ஆய்விதழ்களுக்கு அச்சு வேண்டாம் என்றே நானும் சொல்வேன். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் வெளிநாட்டு இதழ்கள் ஈராக் மருத்துவர்களுக்குச் சரிவரக் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை இன்று அச்சில் வாங்கி நிரப்பத் தேவையில்லை. 2002-ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஹினாரி என்ற இணையத் திட்டம், வருமானம் குறைந்த நாடுகளுக்கு இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகிறது. மருத்துவக் கட்டுரைகளின் இணையக் காப்பகமான பப்மெட் சென்ட்ரல் எல்லாருக்கும் இலவசம். ஆனால் கரண்ட் போனால்? ஜெனரேட்டருக்கு டீசல், யுபிஎஸ், இணைய இணைப்பு, இவையெல்லாம் நூலகச் செலவுக் கணக்கில் வர வேண்டும். அடிப்படைப் பாடநூல்கள் அச்சில் பல பிரதிகள் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: புகை படிந்த புத்தகத்தை எப்படிச் சுத்தம் செய்வது மேடம்?

பதில்: வெடிபொருள் அகற்றுபவர்கள் சரி என்று சொல்லும்வரை கட்டடத்துக்குள் கால் வைக்காதீர்கள். அப்புறம் முகக்கவசம், கையுறை. ஈரத்துணி படவே கூடாது, கரி காகிதத்துக்குள் இறங்கிவிடும். புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் கறுத்ததும் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத் தொடருங்கள். தண்ணீரில் நனைந்ததென்றால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துங்கள், முடியாவிட்டால் உறைய வையுங்கள். தாமதித்தால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

பதில்: உள்ளூர் ஆய்வேடுகளை. பாடநூல் காசு கொடுத்தால் வந்துவிடும். அந்த ஊர் நோயாளிகளைப் பற்றி அந்த ஊர் மருத்துவர் எழுதியதை எங்கே போய் வாங்குவது? நூலகப் பிரதி எரிந்திருந்தால் எழுதியவர், வழிகாட்டிய பேராசிரியர், தேர்வாளர் எனத் தேடிப் போங்கள். யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் கிடைக்கலாம். ஸ்கேன் செய்து வெவ்வேறு ஊர்களில் வையுங்கள்.

கேள்வி: பணமாகக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. புத்தகத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போடாதீர்கள், நூலகர் சம்பளத்துக்கும் பணம் வேண்டும்.