கார் ஏசி ஃபேன் 4-இல் மட்டும் ஓடுகிறது. 1, 2, 3-இல் காற்றே வரவில்லை. முழு ப்ளோயரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நாமே சரிசெய்ய முடியுமா?

முடியும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் போயிருப்பது ப்ளோயர் மோட்டார் இல்லை, அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். மோட்டார் செத்திருந்தால் 4-லும் ஓடாது. அதனால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றவரிடம் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் கார் மெக்கானிக் இல்லை. நீடாமங்கலம் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவைக்கு இங்கே போர்செட் ஓடியாக வேண்டும். எரிந்த மோட்டார்கள்தான் என் பிழைப்பு. காரில் இந்தப் பகுதி எனக்குப் புரிகிற வேலை என்பதால் என் வண்டியிலும், சொந்தக்காரர்கள் வண்டிகளிலும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள், மீதி தானாகப் புரியும். கையால் திருகும் ஃபேன் சுவிட்ச் உள்ள கார்களில் 4-இல் வைத்தால் பேட்டரியின் 12 வோல்ட்டும் நேராக மோட்டாருக்குப் போகிறது. 3-இல் வைத்தால் வழியில் ஒரு ரெசிஸ்டர் சுருள் குறுக்கே வருகிறது, 2-இல் இன்னொன்று கூடுகிறது, 1-இல் எல்லாச் சுருளையும் தாண்டித்தான் கரண்ட் போக வேண்டும். தடை கூடக்கூட மோட்டார் மெதுவாகச் சுற்றும். வீட்டுச் சீலிங் ஃபேனுக்கு அந்தக் காலத்தில் சுவரில் ஒரு பெரிய ரெகுலேட்டர் டப்பா இருக்குமே, தொட்டால் சுடும், அதே வேலைதான். இந்தச் சுருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, தொடராக, ஒரு தெர்மல் ஃபியூஸ் உண்டு, சூடு அளவு மீறினால் அறுந்து கரண்ட்டை நிறுத்துவது. அது போனால் 1, 2, 3 மூன்றும் ஒரே நாளில் போய்விடும். 4 மட்டும் அந்த வழியில் வராததால் தப்பிக்கும். உங்கள் கார் காட்டுவது இதையேதான். ஒரே ஒரு வேகம் மட்டும் போயிருந்தால் அந்த ஒரு சுருளோ சுவிட்சின் பாயின்ட்டோ போயிருக்கும். 1, 2, 3 ஓடி 4 மட்டும் ஓடாவிட்டால் ரிலே, சுவிட்ச், கப்ளர் (வயர்களைச் சேர்த்துச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு) இவற்றைப் பாருங்கள். எதிலுமே ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ் பாக்ஸ். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஃபேனைப் போட்டுவிட்டு மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓட ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

ரெசிஸ்டர் எங்கே இருக்கும்? பெரும்பாலான கார்களில் இடப்பக்கச் சீட்டுக்காரர் காலடிக்கு மேலே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். அந்தப் பக்கத்து ஏர்பேக் குளோவ் பாக்ஸுக்கு மேல்தான் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, அதில் கை வைக்காதீர்கள். குளோவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் பல கார்களில் அது கீழே தொங்கிவிடும். சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். பின்னால் தெரியும் உருண்டையான கறுப்புக் கூடுதான் ப்ளோயர். அதிலிருந்து போகும் காற்றுக் குழாயின் சுவரில், நான்கைந்து தடித்த வயர்கள் ஒரு கப்ளரில் வந்து சேரும் சின்னப் பாகத்தை இரண்டு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி இழுத்தால் சுருள்கள் வெளியே வரும்.

அதைக் காற்று ஓடும் குழாய்க்குள் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 2 ஓம் சுருளில் 4 ஆம்பியர் ஓடினால் 32 வாட் சூடு. நாம் பத்த வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அவ்வளவு சூட்டையும் ஃபேன் காற்றுதான் அள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே கழற்றிய ரெசிஸ்டரைக் கப்ளரோடு வெளியே தொங்கவிட்டு "ஓடுதான்னு பார்ப்போம்" என்று 1-இல் போடாதீர்கள். பிளாஸ்டிக் இளகும், கை வெந்துபோகும்.

சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்; அப்போது காட்டுவது மீட்டர் வயருடைய தடை, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு ரெசிஸ்டரின் பின்களுக்கிடையே மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். நல்ல சுருள் ஓரிரு ஓமோ அதற்கும் குறைவாகவோ காட்டும். அறுந்திருந்தால் இடது ஓரத்தில் வெறும் 1 நிற்கும். சுருள்களுக்கிடையே தொடர்பு இருக்கிறது, ஆனால் பொதுப் பின்னிலிருந்து எந்தச் சுருளுக்கும் போகவில்லை என்றால் தெர்மல் ஃபியூஸ்தான் போயிருக்கிறது.

இங்கேதான் எல்லாருக்கும் கை பரபரக்கும். என் கடைத் தம்பி பார்த்ததுமே சொன்னான்: "அண்ணே, அந்த ஃபியூஸைத் தூக்கிட்டு ஒரு வயர் வச்சு முறுக்கிட்டா போச்சுல்ல?" ஓடும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை காற்று அடைத்துக்கொண்டால் நிறுத்துவதற்கு ஆள் இருக்காது. சிவக்கச் சிவக்கக் காய்ந்த சுருள், சுற்றிலும் பிளாஸ்டிக் குழாய், அதில் ஒட்டியிருக்கும் பஞ்சும் சருகும். "நம்ம பிள்ளைங்க உட்கார்ற வண்டிடா தம்பி, கையை எடு" என்றேன். வயர் போட்டு நேராகக் கொடுப்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஃபியூஸை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வேலை. அதன் உடம்பில் டிகிரியும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். என் கைக்கு வந்த ஒன்றில் 184 டிகிரி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ரைஸ் குக்கருக்கும் டேபிள் ஃபேனுக்கும் இதே மாதிரி விற்கிறார்கள்; பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் டிகிரி வேறு. டேபிள் ஃபேனுடையதை இதில் போட்டால் சீக்கிரமே போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், சால்டர். சாதாரண 63/37 சால்டர் ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகும், அயர்ன் முனையோ 300-ஐத் தாண்டும். பத்த வைக்கும்போதே புது ஃபியூஸ் செத்துப்போகும். குறடால் ஃபியூஸின் கம்பிக் காலைப் பிடித்துச் சூட்டை இழுத்து எப்படியோ தப்ப வைத்தாலும், ஓடும்போது வருகிற சூட்டில் அந்தச் சால்டரே இளகி விழலாம். அதனால் ஃபியூஸ் காலைப் பத்த வைக்கக் கூடாது, சின்னச் செம்புக் குழாய் போட்டு நசுக்கி இணைக்க வேண்டும். சில கார்களில் தனி ஃபியூஸே கிடையாது. ஒரு ஸ்பிரிங் தகட்டைச் சால்டரால் ஒட்டி வைத்திருப்பார்கள், சூடு ஏறினால் சால்டர் உருகித் தகடு எகிறிவிடும். அதைக் கையில் கிடைத்த ஈயத்தால் திரும்ப ஒட்டினால் எந்தச் சூட்டில் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை பாடுக்குப் பதில் புது ரெசிஸ்டரே வாங்கிவிடுவது மேல். கார் மாடலையும் வருஷத்தையும் சொல்லி, பழையதையும் கையோடு எடுத்துப் போங்கள். தஞ்சாவூர், கும்பகோணத்தில் ஸ்பேர்ஸ் கடைகள் இருக்கின்றன. கடையில் ப்ளோயர் ரெசிஸ்டர் என்றும் சொல்வார்கள், ஹீட்டர் ரெசிஸ்டர் என்றும் சொல்வார்கள். பின் எண்ணிக்கையும் கப்ளர் வடிவமும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

புதியதை மாட்டியதும் வேலை முடிந்தது என்று குளோவ் பாக்ஸை மூடிவிடாதீர்கள். ஃபியூஸ் சும்மா போகாது. ஒன்று, சுருளைக் குளிர்விக்கும் காற்று குறைந்திருக்க வேண்டும். அல்லது மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். "டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் வண்டியில் ஏசி ஃபில்டரைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் காற்று அடைப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். தை, மாசியில் சம்பா அறுப்பு வந்தால் அறுவடை மெஷின் கிளப்பும் தூசி ஒரு பக்கம், ரோட்டில் காயப்போட்ட நெல் ஒரு பக்கம், கொள்முதல் நிலைய வாசலில் தூற்றும் பதர் ஒரு பக்கம். கார் வெளிக்காற்றை இழுப்பது முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் இடத்தில். நெல் சுணை, வைக்கோல் துணுக்கு, வேப்பஞ்சருகு எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. ஏசி ஃபில்டர் இருந்தால் அது சாணித் தட்டு மாதிரி ஆகிவிடும். ஃபில்டரே இல்லாத பழைய வண்டி என்றால் எல்லாம் ப்ளோயர் சக்கரத்திலும் கூலிங் காயிலிலும் படியும். சிலருக்கு ரெசிஸ்டர் சுருளிலேயே சருகு சிக்கியிருக்கும். அறுப்பு நடக்கும் வழியில் போகும்போது உள்காற்றே சுற்றும்படி பட்டனை மாற்றிவிடுங்கள். அறுப்பு முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், தட்டியும் வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

எலி தனிக் கதை. வயல் காலியானதும் எலி ஊருக்குள் வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கொட்டகையில் நிற்கும் கார் அதற்கு நல்ல வீடு. ப்ளோயர் கூட்டுக்குள் வைக்கோலும் துணியும் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுத்தம் செய்யும்போது வெறுங்கையை விடாதீர்கள். எலி மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் வரும். கையுறை, முகத்துக்கு மாஸ்க், கதவுகள் திறந்திருக்கட்டும். உலர்ந்த குப்பையை ஊதிவிடாமல் டெட்டால் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள்.

அடுத்தது மோட்டார். ஃபேனை நிறுத்திவிட்டு விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். விட்ட பிறகும் லேசாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிடித்து நின்றாலோ, ஓடும்போது கிறீச்சென்று சத்தம் வந்தாலோ புஷ் (மோட்டார் தண்டு சுற்றும் வளையம்) இறுகிவிட்டது. இறுகின மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அந்தக் கரண்ட் முழுவதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் வரும். ஆம்பியர் அளந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: எங்களைப் போன்ற கடைகளில் இருக்கும் கிளாம்ப் மீட்டர்களில் (வயரைச் சுற்றிப் பிடித்து அளப்பவை) பல, வீட்டு லைனில் வரும் ஏசி கரண்ட்டை, அதாவது மாறு மின்னோட்டத்தை மட்டும்தான் அளக்கும். காரில் ஓடுவது டிசி, அதாவது நேர் மின்னோட்டம், அதற்கு டிசி கிளாம்ப் வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகி 4-இல் போட்டால் மீட்டர் போய்விடலாம்.

கப்ளரையும் விடாதீர்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் கறுத்திருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. புது ரெசிஸ்டரைப் பழைய கறுத்த கப்ளரில் செருகுவது வீண். வயரோடு கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. அதே தடிமன் வயர் பார்த்து வாங்குங்கள். வயர் வெட்டி இணைப்பதில் பழக்கம் இல்லையென்றால் அதை மட்டும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே குளோவ் பாக்ஸைத் திறக்கும்போது நம் ஊர் மெக்கானிக்குகள் சிலர் சொல்வது: "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்குங்க, ரெண்டு ஹோஸையும் ஜாயின் பண்ணி விட்டுட்டா ஏசி நல்லா கூலாகும்." நிறைய கார்களில் என்ஜின் கூலன்ட் எந்நேரமும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏறத்தாழ 90 டிகிரியில். சூடு நம் மேல் வராமல் தடுப்பது ஒரு மடல் மட்டும்தான். சூடு-குளிர் நாப் கேபிள் நழுவி மடல் முழுதாக மூடாவிட்டால் ஏசி போட்டாலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். அப்போது செய்ய வேண்டியது கேபிளைச் சரியாக மாட்டுவது. ஹீட்டரை ஒழித்துவிட்டால் ஐப்பசி அடைமழையில் மன்னார்குடி ரோட்டில் உள்கண்ணாடி ஆவி படியும்போது வருத்தப்படுவீர்கள். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியையும் போட்டு, நாப்பைச் சூட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் சீக்கிரம் தெளியும். ஏசி ஈரத்தை எடுக்கிறது, சூடு கண்ணாடியை உலர்த்துகிறது. வெளிப்பக்கம் ஆவி படிந்தால் மட்டும் நேர்மாறு: கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டது, குளிர்காற்றை அங்கிருந்து திருப்பிவிட்டு வைப்பரைப் போடுங்கள்.

கடைசியாக, இதுவரை எழுதியது எல்லாம் 1, 2, 3, 4 என்று திருகும் சுவிட்ச் உள்ள வண்டிக்கு. டிகிரி எண் காட்டும் ஆட்டோ ஏசி என்றால் பெரும்பாலும் இந்தச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது. அந்த இடத்தில் டிரான்சிஸ்டர் வைத்த ஒரு மாட்யூல் இருக்கும், அது போனால் ஃபேன் ஒரே வேகத்தில் ஓடும், அல்லது சாவியை எடுத்த பிறகும் நிற்காது. அதை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.