கோட்டை ஸ்டேஷனுக்கு முன்பு கொழும்பின் பிரதான ரயில் நிலையம் எது? அந்தக் கட்டடம் என்ன ஆனது?

கொழும்பு டெர்மினஸ். மருதானை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரயில்வே வளவுக்குள் இருக்கிறது. தினமும் மருதானையில் ஏறி இறங்குகிறவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் கோப்பி. கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் மாட்டுவண்டியில் கொழும்புத் துறைமுகம் வந்துசேர நாட்கணக்காகும். தோட்டத் துரைமார் நச்சரித்து நச்சரித்து, 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் ரயில் பாதை வேலையைத் தொடக்கி வைத்தார். 1864 டிசம்பர் 27இல் முதல் கோச்சி அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டர் ஓடியது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. இரண்டே வருடத்தில் கோப்பிச் செடியில் இலைநோய்! கோப்பி போனபிறகு அந்தப் பாதைக்குச் சோறு போட்டது தேயிலை. அதைப் பறித்த கைகள் யாருடையவை என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

1894இல் கரையோரப் பாதை காலி வரை போய்விட்டது. 1908இல் மருதானை ஸ்டேஷன் வந்தது, 1917இல் கோட்டை ஸ்டேஷன். டெர்மினஸின் மவுசு அத்தோடு சரி.

2009இல் அங்கே ரயில்வே மியூசியம் வந்தது. 2014 டிசம்பரில், ரயிலுக்கு 150 வயதானபோது, மியூசியம் கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. கண்டிப் பாதையில் ரயில் மலையேறும் அந்த ஏற்றத்தின் உச்சி பொருத்தமான இடம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கொழும்புப் பிள்ளைகளுக்கு நஷ்டம். உதாரணத்துக்கு, மலைநாட்டு லைனில் ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் ஒரு வளையத்தை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு இருக்கும் பையில் டேப்ளட் என்ற உலோக வில்லை இருக்கும். அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான ஒற்றைத் தண்டவாளத்தில் ரயிலை எடுக்க முடியாது. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இரு ஸ்டேஷனிலும் வில்லைகளை வைத்திருக்கும் கருவிகள் இன்னொன்றைத் தராது. எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் காப்பது இந்தப் பழைய ஏற்பாடுதான். இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டி விளக்க டெர்மினஸை விடத் தோதான இடம் கொழும்பில் எது?

பக்கத்திலேயே திரிப்போலி மார்க்கட்டின் பழைய ரயில்வே கூடங்கள் 'ட்ரேஸ் எக்ஸ்பெர்ட் சிட்டி'யாகி, ஐடி கம்பனிகள் நடக்கின்றன. மூட்டை அடுக்கிய கூரைக்குக் கீழே இப்போது கம்ப்யூட்டர். சாமான் கூடத்துக்கே அந்த யோகம் என்றால், நாட்டின் முதல் பெரிய ஸ்டேஷனில் ஒரு மண்டபத்தையாவது திறந்து, பழைய படங்களை மாட்டி, பிளேன்டீ குடிக்க நாலு கதிரை போடலாம்தானே? ரயில்வேக்குப் பெரிய செலவு வராது.