சி மொழியில் எழுதும் ஷெல் நிரலில் நினைவகத்தை எங்கே ஒதுக்குவது, எப்போது விடுவிப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சி மொழியில் ஒரு சிறிய ஷெல் (பயனர் தரும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) எழுதியிருக்கிறீர்கள்; பைப், திசைமாற்றம், மாறிகள், வைல் சுழற்சி ஆகியவை வேலை செய்கின்றன. ஆனால் நீண்ட நேரம் ஓடவிட்டால் நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தடுக்க, நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ அழைப்புகளைச் சேர்த்தால், ஒரே இடத்தை இருமுறை விடுவித்ததாகப் பிழை காட்டி நிரல் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு சுட்டியையும் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) எந்த இடத்தில் விடுவிப்பது என்றும், வேறொரு நிரலை ஏற்றி ஓட்டும் எக்ஸெக்கை அழைப்பதற்கு முன், ஷெல் பிறப்பிக்கும் சேய்ச் செயல்முறை எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதே இடத்தில் நானும் சில வாரங்கள் சிக்கிக் கிடந்திருக்கிறேன். சுட்டி சுட்டியாகக் கணக்கு வைத்துக்கொண்டிருந்த வரை எனக்கு விடிவு கிடைக்கவில்லை. ஒரு ஷெல்லில் ஒதுக்கப்படும் சரங்களும் தொடரியல் மரத்தின் (கட்டளையின் அமைப்பைக் காட்டும் மரம்) கணுக்களும் எண்ணிக்கையில் ஏராளம். ஆனால் அவற்றின் ஆயுட்காலத்தை வகைப்படுத்தினால் இரண்டுதான் தேறும். உள்ளிட்ட கட்டளை ஓடி முடியும் வரை மட்டும் தேவைப்படுபவை ஒரு வகை. மாறிகள், செயற்கூறுகள், மாற்றுப்பெயர்கள், வரலாறு, பின்னணி வேலைகளின் பட்டியல் எனக் கட்டளையைத் தாண்டியும் நிலைப்பவை இன்னொரு வகை. இந்த இரண்டையும் நினைவகம் ஒதுக்கும் ஒரே மாலாக் வழியாக எடுத்து, ஒரே ஃப்ரீயால் திருப்பித் தர முயல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இருமுறை விடுவிப்பு பற்றி ஒரு சொல். வரியைப் பிரிக்க ஸ்ட்ர்டோக் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அது புதிதாக எதையும் ஒதுக்குவதில்லை. நீங்கள் கொடுத்த வரிக்குள்ளேயே பிரிகுறிகளின் இடத்தில் சுழியை எழுதிவிட்டு, அந்த வரியின் நடுப்பகுதிகளுக்கான சுட்டிகளைத் தருகிறது. முதல் டோக்கனின் (பிரித்தெடுத்த துண்டின்) முகவரியும் வரியின் முகவரியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே டோக்கன்களையும் வரியையும் தனித்தனியே விடுவித்தால் அந்தப் பிழை வந்தே தீரும். மேற்கோள் குறிகளுக்குள் வரும் இடைவெளியை ஸ்ட்ர்டோக் அறியாது என்பதால், எப்படியும் அதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு எழுத்துவாரி வருடியை எழுதத்தான் போகிறீர்கள்.

முதல் வகைக்கு நான் பரிந்துரைப்பது அரீனா முறை. பெரிய துண்டுகளாக நினைவகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் ஒரு சுட்டியை முன்னே நகர்த்தி இடம் கொடுத்து, கட்டளை முடிந்ததும் அந்தச் சுட்டியைத் தொடக்கத்துக்கே திருப்பி வைத்துவிட வேண்டும். டோக்கன்கள், தொடரியல் மரம், விரிவாக்கத்தில் (மாறியின் பெயருக்குப் பதில் மதிப்பை இடுவது போன்ற வேலை) பிறக்கும் சொற்கள், எக்ஸெக்குக்குத் தரும் சுட்டி அணிவரிசை ஆகிய அனைத்தும் இதிலிருந்தே வரட்டும். அணிவரிசையின் முடிவில் வர வேண்டிய வெற்றுச் சுட்டிக்கும் ஓர் இடம் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் பதினாறின் மடங்குக்கு உயர்த்திக்கொண்டால், வழக்கமான 64 பிட் கணினிகளில் முகவரி ஒழுங்கமைவு (தரவு குறிப்பிட்ட எண்ணின் மடங்கான முகவரியில் தொடங்க வேண்டும் என்பது) குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. மரத்தைக் கட்டும் பார்சர் பாதி வழியில் தொடரியல் பிழையைக் கண்டு லாங்ஜம்ப் மூலம் முதன்மைச் சுழற்சிக்குத் தாவினாலும், அங்கே ஒரே வரியில் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். பிழைப் பாதைகள் ஒவ்வொன்றிலும் பாதி கட்டிய மரத்தைத் தேடித்தேடி அழிக்கும் வேலை அதோடு ஒழிந்தது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. கென்னத் ஆல்ம்க்விஸ்ட் 1989இல் வெளியிட்ட ஆஷ் ஷெல்லின் வழியில் வந்த டாஷ், இப்படியொரு அடுக்கு ஒதுக்கியைத்தான் வைத்திருக்கிறது. இசட்-ஷெல்லிலும் (zsh) தற்காலிகப் பகுதி, நிரந்தரப் பகுதி என்று இரண்டு உண்டு. வழக்கமாக மாலாக் இடம் எடுக்கும் பகுதிக்கு உள்ள ஹீப் என்ற பெயரால், அதில் தற்காலிகப் பகுதியைத்தான் அழைக்கிறார்கள் என்பதால், மூல நிரலைப் புதிதாகப் படிப்பவர் ஒருமுறையாவது தடுமாறாமல் இருக்க முடியாது. பேஷ் வேறு வழியில் போகிறது: ஒவ்வொன்றையும் தனியே விடுவிக்கிறது, இடையில் பிழை வந்தால் செய்ய வேண்டிய துப்புரவுகளை ஓர் அடுக்கில் பதிந்துவைக்கிறது. அது உழைப்பு மிகுந்த வழி. ஒருவர் தனியாக எழுதும் ஷெல்லுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்த ஸ்டீவ் போர்னின் ஷெல், இடம் போதுமா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பதில்லை. எல்லையைத் தாண்டி எழுதியதும் இயக்க அமைப்பு அனுப்பும் நினைவக மீறல் சிக்னலைப் பிடித்து, அதைக் கையாளும் செயற்கூறான கையாளிக்குள்ளேயே கூடுதல் நினைவகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தடைப்பட்ட இயந்திரக் கட்டளையையே மீண்டும் ஓடவிட்டது. தடைப்பட்ட இயந்திரக் கட்டளையைச் சரியாக மீண்டும் தொடங்க இயலாத மோட்டரோலா 68000 போன்ற செயலிகளுக்கு இந்த ஷெல்லைக் கொண்டுசென்றவர்கள் பெரும்பாடு பட்டார்கள். சாமர்த்தியமான உத்திதான், நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம்.

கட்டளை முடிந்ததும் அரீனாவைத் துடைப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. உங்கள் ஷெல்லில் வைல் சுழற்சி இருக்கிறது. பத்து லட்சம் முறை சுற்றும் ஒரு சுழற்சி, ஷெல்லின் பார்வையில் ஒரே கட்டளை. ஒவ்வொரு சுற்றிலும் விரிவாக்கத்தில் பிறக்கும் சொற்கள் சுழற்சி முடியும் வரை குவிந்துகொண்டேயிருக்கும். இதற்குக் குறியிடும் முறை தேவை. எளிய கட்டளை ஒன்றை இயக்கத் தொடங்கும் முன் அரீனாவின் அப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, இயக்கி முடித்ததும் அந்தக் குறிக்குத் திரும்ப வேண்டும். சுழற்சியின் தொடரியல் மரம் குறிக்குக் கீழே பத்திரமாக இருக்கும். அந்தச் சுற்றின் கழிவுகள் மட்டும் போகும்.

அரீனாவில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது வளரும் சரம். நீளம் முன்கூட்டித் தெரியாத ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும்போது, துண்டில் இடம் தீர்ந்தால் அதுவரை கட்டியதைப் புதிய துண்டுக்கு நகர்த்த நேரும். அந்தச் சொல்லின் நடுப்பகுதிக்கு எங்காவது சுட்டி வைத்திருந்தால், அது அக்கணமே செல்லாததாகிவிடும். பெரும்பாலும் பழைய இடத்தில் பழைய எழுத்துகளே இருப்பதால் சோதனைகளில் எல்லாம் சரியாக ஓடி, மிக நீளமான ஒரு சொல் வரும் நாளில் மட்டும் தவறான விடை தரும். தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எழுத்து என்ற தொலைவை மட்டும் நினைவில் வைத்திருங்கள். சுட்டியைத் தேவைப்படும் கணத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீயலாக்குக்கும் இது பொருந்தும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு: அது தோல்வியுற்று வெற்றுச் சுட்டியைத் தரும்போது, விடையைப் பழைய சுட்டியின் மீதே எழுதியிருந்தால் பழைய இடம் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இரண்டாம் வகைக்கு வழக்கமான மாலாக் போதும். ஆனால் எல்லையைக் கடக்கும் ஒவ்வொன்றும் நகலெடுக்கப்பட்டே கடக்க வேண்டும். மாறிக்கு மதிப்பு தரும்போது அந்தச் சரத்தையும், செயற்கூறு வரையறுக்கப்படும்போது அதன் தொடரியல் மரம் முழுவதையும், பின்னணி வேலையைப் பட்டியலில் சேர்க்கும்போது அதன் கட்டளை உரையையும் நகலெடுங்கள். மாறியின் புதிய மதிப்பு அதன் பழைய மதிப்பிலிருந்தே பிறந்திருக்கக்கூடும் என்பதால், புதியதை நகலெடுத்துப் பதித்த பிறகே பழையதை விடுவிக்க வேண்டும். செயற்கூறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத்தானே மறுவரையறை செய்யலாம். அதன் மரத்தை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கை வைக்காவிட்டால், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியவராவீர்கள். சூழல் மாறிகளைப் பொறுத்தவரை, செட்என்வ் நகல் எடுத்துக்கொள்ளும். புட்என்வ் நீங்கள் தந்த சரத்தையே சூழலின் பகுதியாக்கிவிடும். அரீனாவிலிருந்த சரத்தைப் புட்என்வுக்குக் கொடுத்து ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன்.

சேய்ச் செயல்முறை எதையும் விடுவிக்க வேண்டாம். எக்ஸெக் வெற்றி பெற்றால் பழைய முகவரி வெளி முழுவதும் மறைந்துவிடும். சேயைப் பிறப்பிக்கும் ஃபோர்க்குக்குப் பிறகு நினைவகப் பக்கங்கள் தாய்க்கும் சேய்க்கும் பொதுவாக இருந்து, எழுதும்போது மட்டுமே நகலாகின்றன. ஃப்ரீ தன் கணக்குகளை அந்தப் பக்கங்களில் எழுதுவதால், விடுவிக்க முயல்வது தேவையற்ற நகல்களையே உண்டாக்கும். தாயின் நினைவகத்தையே சேயும் பகிரும் வீஃபோர்க்கைப் பயன்படுத்தினால் இன்னும் மோசம். அங்கே நீங்கள் அழிப்பது தாய்ச் செயல்முறையின் நினைவகத்தையே. எக்ஸெக் தோற்றால் அடிக்கோட்டுடன் தொடங்கும் எக்ஸிட்டை அழையுங்கள். சாதாரண எக்ஸிட், தாயிடமிருந்து நகலாக வந்த வெளியீட்டு பஃபரையும் எழுதிவிடுவதால் ஒரே வரி இருமுறை தோன்றும்.

கண்ட்ரோல் சி அழுத்தும்போது வரும் சிக்னலின் கையாளிக்குள் மாலாக்கோ ஃப்ரீயோ கூடாது; தடைப்பட்டது மாலாக்கின் நடுவிலாகவே இருந்திருக்கலாம். ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, முதன்மைச் சுழற்சி அதைப் பார்த்து அரீனாவைத் துடைக்கட்டும். திறந்த கோப்புகளும் பைப் முனைகளும் அரீனாவில் இல்லை என்பதை அப்போது மறந்துவிடாதீர்கள். அவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்து மூட வேண்டும். என் ஷெல்லில் நினைவகக் கசிவு நின்ற பிறகும் கோப்பு விவரிப்பிகள் (திறந்த கோப்புகளைக் குறிக்கும் எண்கள்) கசிந்துகொண்டிருந்தன.

சோதிக்கும்போது ஒரு சிக்கல் எதிர்ப்படும். நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவிகளான வால்கிரைண்டும் முகவரிச் சோதிப்பானும் (AddressSanitizer) அரீனாவை ஒரே பெரிய துண்டாகப் பார்ப்பதால், அதற்குள் நிகழும் எல்லை மீறல்கள் அவற்றின் கண்ணில் படா. தொகுக்கும்போது ஒரு விருப்பம் தந்தால், அரீனாவின் ஒவ்வொரு ஒதுக்கீடும் தனி மாலாக்காக மாறி, ஒரு பட்டியலில் கோக்கப்பட்டு, குறிக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றாக விடுவிக்கப்படும்படி எழுதிவையுங்கள். ஏறத்தாழ முப்பது வரிகளுக்குள் முடியும் வேலை. எக்ஸெக் செய்யாத சேய்கள் பற்றியும் வால்கிரைண்ட் கசிவு அறிக்கை தரும். அவற்றைத் தாயின் கசிவுகளாக எண்ணிக்கொண்டு பின்தொடராதீர்கள். பிறகு சாதாரணத் தொகுப்பில், மாறி ஒன்றை மீண்டும் மீண்டும் மாற்றும் வைல் சுழற்சியைப் பத்து லட்சம் முறை ஓடவிட்டு, செயல்முறைகளின் நிலையைக் காட்டும் லினக்ஸின் ப்ராக் (/proc) கோப்பமைப்பில் உங்கள் ஷெல்லின் நினைவக அளவைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால், பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் குறியிட மறந்திருப்பீர்கள். சுழற்சியின் உடலிலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் அந்த இடம் விரைவில் அகப்படும்.