வேதாகமத்தில் தேவன் ஏன் மேகத்தில் வருகிறார்?

வேதாகமத்தில் தேவன் வரும் இடங்களில் மேகமும் வருவது அவரை மறைக்கவா, வெளிப்படுத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும்தான் என்பது என் புரிதல். தேவன் தொலைவில் இருப்பதால் அன்று, மனிதன் தாங்க முடியாத அளவுக்கு அருகில் வந்துவிட்டதாலேயே அந்தத் திரை தேவைப்படுகிறது.

யாத்திராகமத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதிக்க அமைத்த ஆசரிப்புக் கூடாரம் கட்டி முடிந்ததும் மேகம் அதை மூடுகிறது, கர்த்தருடைய மகிமை உள்ளே நிரம்புகிறது; சீனாய் மலையில் அதே மேகத்துக்குள் ஏறிச்சென்ற மோசேயாலேயே இப்போது உள்ளே நுழைய முடியவில்லை. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளிலும் ஆசாரியர்களால் நின்று ஊழியம் செய்ய முடியாமற்போனது. லேவியராகமம் 16 இன்னும் நுட்பமானது: உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் மேகத்தில் காணப்படுவேன் என்று சொன்ன கர்த்தர், உள்ளே வரும் பிரதான ஆசாரியன் ஆரோன் சாகாதபடிக்குத் தூபவர்க்கத்தின் புகை அந்தக் கிருபாசனத்தை மூட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறார். அந்தப் புகைமேகத்தின் நோக்கம் ஆரோனின் உயிரைக் காப்பதுதான்.

சுற்றியிருந்த மக்களுக்கும் மேகம் தெய்வத்தின் அடையாளமாகவே இருந்தது. சிரியாவில் 1929-இல் அகழாய்வு தொடங்கிய உகாரித் என்னும் பண்டைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், கானானியர் மழைத்தெய்வமாக வணங்கிய பாகால் மேகங்களின்மேல் ஏறிவருபவன் என்று போற்றப்படுகிறான். பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்றபின் கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி மழைக்காகக் காத்திருக்கையில், கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழும்பும் காட்சியை இந்தப் பின்னணியோடு வாசித்தால், மழை யாருடையது என்ற வழக்கே அங்கே தீர்க்கப்படுகிறது என்பது புரியும்.

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி எண்ணாகமம் 9. வனாந்தரப் பயணத்தில், கூடாரத்தின்மேல் மேகம் தங்கினால் இஸ்ரவேல் ஜனங்களும் தங்க வேண்டும், எழும்பினால் புறப்பட வேண்டும். அது இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஒரு மாதமாகவும் ஒரு வருஷமாகவும் இருக்கலாம். மாலையில் முளையடித்துக் கட்டிய கூடாரத்தை விடிந்ததும் அவிழ்க்க வேண்டிய நாளும் இருந்தது. கைக்குழந்தையோடும் ஆட்டுமந்தையோடும் இருந்த ஒரு தாய், காலையில் எழுந்ததும் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்திருப்பாள் அல்லவா! அவளுக்கு இறைப்பிரசன்னம் என்பது தத்துவமாக இருந்திருக்க முடியாது. இன்று அடுப்பு மூட்டலாமா, மூட்டை கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கான பதிலாகவே இருந்திருக்கும்.

தமிழில் மட்டும் வாசிப்பவர்களுக்கு ஓர் இணைப்பு எளிதில் தெரிவதில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் கூடாரத்தின்மேல் மேகம் 'தங்கியது' என்றிருக்கும் இடத்தில், பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'நிழலிட்டது' என்னும் வினையைக் கையாள்கிறது. உன்னதமானவருடைய பலம் உன்மேல் நிழலிடும் என்று தூதன் மரியாளிடம் சொல்லும்போது லூக்கா எழுதும் வினையும் அதுவே. ஒரு கன்னிகையின் உடலே இப்போது ஆசரிப்புக் கூடாரமாகிறது. சீஷர்கள்முன் இயேசுவின் தோற்றம் ஒளிமயமாக மாறிய மறுரூப மலையிலும் ஒளியுள்ள மேகம் அதே வினையோடுதான் வருகிறது. மேகத்துக்குள் அகப்பட்ட சீஷர்கள் பயந்து முகங்குப்புற விழுகிறார்கள். இயேசு வந்து அவர்களைத் தொட்டு, பயப்படாதேயுங்கள் என்கிறார். கண்களை ஏறெடுத்துப் பார்க்கையில் அவரைத் தவிர வேறொருவரையும் அவர்கள் காணவில்லை.