டிரையத்லானுக்குப் பதினைந்தாயிரம் வெள்ளி வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பந்திங்கிலிருந்து ஜுக்ரா மலைப் பக்கம் போனால் லாரிகளைவிட சைக்கிள்காரர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். அவர்களில் சிலர் நீச்சலையும் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டு டிரையத்லானுக்குத் தாவிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். தண்ணீர் வடிகட்டி பற்றிக் கேட்ட அக்கா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அண்ணா, எனக்கு 34 வயது. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டிகளில் ஓடுவேன். அடுத்த ஆண்டு போர்ட்டிக்சனில் டிரையத்லானில் இறங்க ஆசை. கோலாலம்பூர் கடை ஒன்றில் கேட்டதற்கு, கார்பன் சைக்கிள், ஹெல்மெட், சைக்கிள் காலணி, கடிகாரம், நீச்சல் சாமான் எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளிக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். கடன்பற்று அட்டையில் 24 மாதத் தவணை, வட்டி இல்லையாம். வீட்டில் பழைய அலுமினிய ரோட் பைக் ஒன்று சும்மா கிடக்கிறது. இதில் எதுதான் அவசியம்?

பதில்: அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள், தம்பி. முதலில் எந்தத் தூரம் என்பதை முடிவு செய்யுங்கள். ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதற்கு இரண்டு மடங்கு: 1.5, 40, 10. லங்காவி அயர்ன்மேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 மிதித்து, 42.2 ஓடுகிற சமாச்சாரம். அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். பத்து கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்கு ஸ்பிரிண்ட்தான் சரியான வாசல்.

இந்தப் போட்டியில் விதிப்படி கட்டாயமானவை மிகக் கொஞ்சம். தரச்சான்று பெற்ற ஹெல்மெட், இரண்டு பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்கிற சைக்கிள், ஹேண்டில்பார் முனைகளில் அடைப்பான், போட்டி எண். நீச்சல் தொப்பியைப் பெரும்பாலும் ஏற்பாட்டாளர்களே கொடுத்துவிடுவார்கள். கார்பன் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம் தண்ணீர். கடையில் விற்கிற எதையும் நான் சொல்லவில்லை, நீச்சல் வகுப்பைச் சொல்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு ஆற்றிலும் வாய்க்காலிலும் மிதக்கத் தெரியும். தலையைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் மூச்சு வாங்கி, 750 மீட்டர் நிற்காமல் போவது வேறு கதை. கடலில் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது, கீழே கோடும் கிடையாது. சுற்றிலும் பத்துப் பேர் கைகால் அடிப்பார்கள். சைக்கிளில் பின்தங்கினால் நேரம்தான் போகும். நீச்சலில் தடுமாறினால் உயிர் விஷயம். ஆகவே குளத்தில் ஒரு பயிற்றுநரிடம் எட்டுப் பத்து வகுப்புகள் எடுங்கள். பிறகு, தெரிந்தவர்களோடு சேர்ந்து கடலில் பழகுங்கள். மோரிப் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே போய்விடாதீர்கள். நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, ஏறினால் கலங்கல். தனியாக எந்தக் கடலிலும் இறங்கவே வேண்டாம்.

நீச்சல் கண்ணாடிக்கு அறுபது எழுபது வெள்ளி போதும். விலையைவிட முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். கடையில் பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்துங்கள். ஓரிரு விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. உடனே விழுந்தால் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் தண்ணீர் புகும். காலையில் கடலில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் போட்டிக்கு நிறக் கண்ணாடி நல்லது.

இனி சைக்கிள். சும்மா கிடக்கிறது என்றீர்களே, அதுவே போதும். முன்னூறு நானூறு வெள்ளியை அதற்குச் செலவழியுங்கள்: டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், தேவைப்பட்டால் செயின். வருடக்கணக்கில் கிடந்த டயர் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். செயினை அளக்க ஓர் அடிக்கோல் போதும். 24 கண்ணிகள் புதிதாக இருக்கும்போது சரியாக 12 அங்குலம். அதைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்பற்சக்கரத்தையும் தின்றுவிடும், அப்போது செலவு இரட்டை.

கார்பன் எடை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எடை உறுத்துவது மேட்டில். சமதரையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உங்களைப் பிடித்து இழுப்பது காற்று, அதிலும் பெரும்பங்கு உங்கள் உடம்பு தடுக்கிற காற்று. அதனால் சைக்கிளை மாற்றுவதைவிட உட்காரும் நிலையைச் சரிசெய்வதில் பலன் அதிகம். இருக்கை உயரம், ஹேண்டில் தூரம் இரண்டையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிப் பொருத்திக்கொள்ளுங்கள். முழங்கையை ஊன்றிக் குனிய உதவும் ஏரோபார் இரண்டாவது போட்டிக்குப் பிறகு யோசிக்க வேண்டியது. வாங்கினாலும், வண்டி ஓடுகிற சாலையில் அதில் படுத்துக்கொண்டு போகாதீர்கள்; பிரேக் கைக்கு எட்டாது. பந்திங் சாலைகளில் செம்பனைக் குலை லாரி எந்தச் சந்திலிருந்து திரும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று பிரிவுக்கும் ஒரே உடையாகப் போட்டுக்கொள்ளும் டிரைசூட் வசதியானது. இருநூறு வெள்ளி அளவில் நல்லதே கிடைக்கும். நம் வெயிலுக்குக் கை வைத்ததாக எடுங்கள். காலணி, இப்போது ஓடுகிறீர்களே அதுவேதான். முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் நாடா மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். காலணியைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு பெடலும் அதற்கான சைக்கிள் காலணியும் அடுத்த வருடம் பார்க்கலாம். கடிகாரம் உங்களை வேகமாக ஓட வைக்காது.

எல்லாம் கூட்டினால், வகுப்புக் கட்டணத்தோடு, 1,500 வெள்ளிக்குள் அடங்கும். போட்டி நுழைவுக் கட்டணம் தனி.

அந்த வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். மாதம் 625 வெள்ளி. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். குறைத்துக் கொடுக்கிறேன் என்றால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் கட்டத் தவறினால் கடன்பற்று அட்டையின் வழக்கமான வட்டி, ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு, கணக்கில் ஏறும். மூன்று போட்டி முடித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் கார்பன் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: முகநூலில் பழைய கார்பன் சைக்கிள் 4,500 வெள்ளிக்கு வந்திருக்கிறது. புதிதில் பன்னிரண்டாயிரமாம். "ஒரு தடவைகூட விழுந்ததில்லை" என்கிறார் விற்பவர். பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கேட்டாலே அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நேரில் பார்க்காமல் ஒரு சல்லி அனுப்பாதீர்கள்.

பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள், சைக்கிளைக் கழுவித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் வேலை, அளவு உங்கள் உயரத்துக்குச் சரியா என்று பார்ப்பது. சரியில்லை என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் குழாய்கள் சந்திக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஹேண்டிலுக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, இருக்கைக் கம்பி நுழையும் இடம், பின்சக்கரக் கவை. பருத்தித் துணியால் தடவுங்கள்; நூல் சிக்கினால் நார் உடைந்திருக்கலாம். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் சந்தேகப்படுங்கள். அதுவே தீர்ப்பு அல்ல, மெக்கானிக்கிடம் காட்டுவதற்கான காரணம். பொருத்தமில்லாத இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்கடியில் என்ன என்று கேளுங்கள். இருக்கைக் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் பட்டு அது உள்ளே இறுகிப் போயிருந்தால் எடுப்பதற்குள் சைக்கிளின் ஃபிரேமே உடையலாம். அலுமினியம் அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஃபிரேமில் அந்தச் சைக்கிளுக்கே உரிய தொடர் எண் பொறித்திருக்கும். அதையும் அசல் ரசீதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுச் சாமானா என்பதற்கு அதுதான் முதல் தடுப்பு. பெரும்பாலான நிறுவனங்கள் ஃபிரேமுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், உங்களுக்கு வராது.

இன்னொன்று. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்கிறவரிடம் வாங்குவதற்குத்தான். தன் சொந்தச் சைக்கிளை விற்கும் தனிமனிதரை அதன்படி பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியாது. ஆகவே "விழுந்ததில்லை" என்பதைப் புலனத்தில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொய் என்று பின்னால் தெரிந்தால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. அவருடைய பக்கத்தில் வாரம் ஐந்து சைக்கிள் விற்பனைக்கு வந்தால் அவர் தனிமனிதர் இல்லை, வியாபாரி. அப்போது கதை மாறும்.

கேள்வி: ஐயா, கல்லூரியில் படிக்கும் என் மகன் டிரையத்லானுக்கு வெட்சூட் வேண்டும் என்று 1,200 வெள்ளி கேட்கிறான். வெளிநாட்டுக் காணொளியில் எல்லாரும் போட்டிருக்கிறார்களாம். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அது குளிர்ந்த தண்ணீருக்கான உடை. உலக டிரையத்லான் விதிப்படி, தொழில்முறை அல்லாத வயதுப் பிரிவினர் 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் அதைப் போடவே கூடாது. நம் கடல் 28 டிகிரி, அதற்கும் மேலே. போட விட்டாலும் உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் மயக்கம்தான் வரும். தம்பி நியூசிலாந்துக்குப் போட்டிக்குப் போகும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் காசில் பாதிக்கு நல்ல ஹெல்மெட்டும் நீச்சல் வகுப்பும் வாங்கிக் கொடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டில் ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078 (EN 1078) அல்லது அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி (CPSC) என்ற குறி உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: கடையில் 1,800 வெள்ளிக்குப் புதுச் சக்கர ஜோடி வாங்கினேன். இரண்டே மாதத்தில் பின்சக்கரத்தின் வளையத்தில் கம்பி மாட்டும் இடத்தில் வெடிப்பு. விழவில்லை, பள்ளத்திலும் விடவில்லை. கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டையைக் காட்டுகிறார். ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: அந்த அட்டைக்கு ஒட்டிய பசையின் மதிப்புகூடக் கிடையாது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம் தரும் உத்தரவாதம். அதைக் கடைக்காரர் அட்டை ஒட்டியோ ரசீதில் அச்சடித்தோ நீக்க முடியாது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனால்தான் அட்டை பேசும்.

சக்கரத்தில் இனி கை வைக்காதீர்கள், ஓட்டவும் வேண்டாம். வெடிப்பைப் படம் எடுங்கள். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்டு, நாள் குறித்து, எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 1ஆம் எண் பாரத்தை நிரப்புங்கள். கட்டணம் ஐந்து வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்பார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, எதிர்த்தரப்பும் கூட்டி வர முடியாது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். பாரம் போட்டதுமே கூப்பிட்டுச் சமாதானம் பேசுகிற கடைகள் நிறைய.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், உங்கள் உடல் எடையும் அந்தச் சக்கரத்துக்குச் சொல்லியிருக்கும் எடை வரம்பும் பொருந்துகின்றனவா? கடைக்காரரின் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: பதிவு முடிந்துவிட்டது. நண்பர் ஒருவர் தன் எண்ணை எனக்கு விற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஏற்பாட்டாளர்கள் பெயர் மாற்ற அனுமதித்தால் மட்டும், அவர்கள் வழியாகவே. இல்லாவிட்டால் வேண்டாம். அவர் பெயரில் நீங்கள் கடலில் மயங்கினால் கரையில் பார்க்கப்படுவது அவருடைய ரத்த வகையும் அவருடைய மனைவியின் தொலைபேசி எண்ணும்தான். காப்புறுதியும் உங்களுக்குச் செல்லாது.

கேள்வி: போட்டியின்போது சக்திக்காக உறிஞ்சும் எனர்ஜி ஜெல் ஒரு பாக்கெட் பத்து வெள்ளிக்கு மேல். அதற்குப் பதில் இளநீர் போதாதா?

பதில்: ஸ்பிரிண்ட் தூரத்துக்கு ஜெல்லே தேவையில்லை. காலையில் சாப்பிட்டதும் சைக்கிளில் ஒரு போத்தல் ஐசோடானிக் பானமும் போதும், 100பிளஸ் எந்த மளிகைக் கடையிலும் இருக்கிறது. ஒலிம்பிக் தூரத்துக்கு ஒன்றிரண்டு ஜெல் எடுக்கலாம், வாழைப்பழமும் எடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் அதிகம் போகிற சோடியம் குறைவு. ஆகையால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம். மலிவாக இணையத்தில் பெட்டியாக ஜெல் வாங்குகிறவர்கள் காலாவதித் தேதியைக் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். பாதி விலைக்கு வருவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.