படம் பார்க்கிறதெல்லாம் ஒரு படிப்போ?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம் (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்) போகும் மகள், ஆங்கில இலக்கியம், வரலாறு இவற்றோடு ஃபிலிம் ஸ்டடீஸும் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "படம் பார்க்கிறதெல்லாம் ஒரு படிப்போ?" என்கிறார் கணவர். பல்கலைக்கழகங்கள் மதிக்குமா? விலை உயர்ந்த கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் கணவரிடம் முதலில் மதிப்பெண் கணக்கைக் காட்டுங்கள். எடுகாஸ் என்ற தேர்வு வாரியத்தின் ஃபிலிம் ஸ்டடீஸ் ஏ லெவலில் (சிக்ஸ்த் ஃபார்ம் முடிவில் எழுதும் தேர்வு) 70 சதவீதம் எழுத்துத் தேர்வு. இரண்டரை மணி நேரத் தாள்கள் இரண்டு. பதினொரு முழுநீளப் படங்களும் ஒரு குறும்படத் தொகுப்பும் பாடம். பழைய ஹாலிவுட், பிரிட்டிஷ் படம், ஆவணப்படம், மௌனப்படம், ஆங்கிலமல்லாத படம் எல்லாம் அதில் வரும். கட்டுரை என்றாலே ஓடும் பிள்ளைக்கு இது சரிவராது. உங்கள் மகளுக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் மூன்றுமே கட்டுரைப் பாடங்கள் என்பதால் வேலையெல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும்.

தேர்வில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கதையைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். "அவள் தனிமையில் தவிக்கிறாள்" என்பதற்கு மதிப்பெண் சொற்பம். கேமரா அறைக்கு வெளியே நிற்கிறது, கதவுச் சட்டம் அவளை ஓர் ஓரத்தில் ஒடுக்குகிறது, வேறு ஷாட்டுக்குத் தாவும் வெட்டே இல்லாமல் காட்சி நீள்கிறது, இசையை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜின் இரைச்சலை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதனால்தான் தனிமை நமக்கு உறைக்கிறது என்று எழுத வேண்டும். பழக, ஒரு இரண்டு நிமிடக் காட்சியை மூன்று தடவை போடச் சொல்லுங்கள். ஒரு தடவை ஒலியை அணைத்து, ஒரு தடவை திரையை மறைத்து, கடைசியில் ஒவ்வொரு வெட்டையும் எண்ணிக்கொண்டு.

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, சேர்க்கை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளி எல்லா ஏ லெவலுக்கும் ஒன்றுதான். ஏ கிரேடுக்கு 48. மருத்துவம், பொறியியல் என்று மனது மாறக்கூடிய பிள்ளையென்றால் இந்த மூன்று பாடமும் சேர்ந்து கதவைச் சாத்திவிடும், அதற்கு ஃபிலிம் மட்டும் காரணமல்ல. இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனாலும் சில இடங்கள் தாங்கள் அதிகம் விரும்பாத பாடங்களைப் பட்டியலிடுவதுண்டு. அவள் மனதிலுள்ள படிப்பின் நுழைவுத் தகுதிப் பக்கத்தைப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேமரா வேண்டாம். மீதி 30 சதவீதம், அவளே எடுக்கும் 4 முதல் 5 நிமிடக் குறும்படமும் அதைப் பற்றிய 1,600–1,800 சொல் ஆய்வும். அதற்குக் கைபேசி போதும். நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்), ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்று வைத்து, வெளிச்ச அளவு தானாக மாறாதபடி எக்ஸ்போஷரைப் பூட்டிவிட வேண்டும். இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகத்தில் எடுத்தால் சில விளக்குகளின் கீழ் படம் மினுக்கும். காசு செலவழிப்பதானால் சட்டையில் குத்தும் மைக்கிற்குச் செலவழியுங்கள். மங்கலான படத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கேட்காத வசனத்தைப் பொறுக்க முடியாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிந்து வைத்தால், எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே விழும் வெற்றிடத்தை அடைக்க உதவும். நான்கு நிமிடத்துக்கு இரண்டு பாத்திரம், ஒரு இடம் தாராளம். கொலை, துப்பாக்கி, கனவிலிருந்து விழித்தல் ஆகிய மூன்றையும் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படமெடுக்கக் கூச்சமென்றால் திரைக்கதையும், அதில் ஒரு பகுதிக்குப் புகைப்பட ஸ்டோரிபோர்டும் (ஷாட்களை வரிசையாகக் காட்டும் படத்தொடர்) கொடுக்கலாம். பெற்றோர் பள்ளியைப் பார்க்க வரும் ஓப்பன் ஈவினிங்கில் மூன்றைக் கேளுங்கள்: எந்த வாரியம், எந்தப் படங்கள், எடிட்டிங் மென்பொருளை வகுப்பு நேரம் தவிரவும் பயன்படுத்தலாமா. வாரியம் வேறென்றால் நான் சொன்ன நீளமும் சொல்லளவும் மாறும்.